எஸ்தருக்கு யாரும் சீட்டு போடவில்லை

புதன்கிழமை காலைகளில் எங்கள் வலி சிகிச்சை நிலையத்தில் எல்லோருடைய போனையும் ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போட்டு மூடிவிடுவோம். மருத்துவர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், மனநல ஆலோசகர், நர்ஸ் எல்லோரும் நோயாளியோடு ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் நாள் அது. நடுவில் ஒருத்தரும் போனைத் தொடக் கூடாது என்பது எஸ்தர் போட்ட சட்டம். போன மாதம் ஒரு புதனன்று அந்தத் தூக்குவாளி கடகடவென்று அதிர்ந்தது. விட்டுவிட்டோம். மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாவது தடவை நான் எழுந்துபோய் மூடியைத் திறந்தேன். சாமுவேல் சார். எஸ்தரின் கணவர்.

"டாக்டர், எஸ்தர் போயிட்டா. பத்து நிமிசம் ஆச்சு," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கூட்டம் நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். "அப்ப முடிச்சிட்டு வாங்க. புதன்கிழமையா இருந்தா, பேசண்ட்ட பாதியில விட்டுட்டு வரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கா."

எங்கள் எதிரே துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் செல்லத்துரை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான்கு வருட இடுப்பு வலி. பாதிக் கதைதான் சொல்லியிருந்தார். நான் திரும்பி வந்து உட்கார்ந்து மீதிக் கதையைக் கேட்டேன். ஆலோசகர் பீர்முகமது என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டுவிட்டார். ஆனாலும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி படியிறங்கிப் போன சத்தம் ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்து சொன்னேன். பீர் கண்ணை மூடி ஏதோ ஓதினார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

எஸ்தரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலரை அவள் கையைப் பிடித்து நடக்கவைத்திருக்கிறாள், பலரைத் திட்டியும் நடக்கவைத்திருக்கிறாள். எழுத்தில் 'அவர்' என்று போடுவதுதான் மரியாதை. ஆனால் இருபது வருடம் ஒருத்தியை ஒருத்தி 'ஏளா' என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள் நாங்கள். கை வர மறுக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகு வலிக்கிறது என்று எஸ்தர் முதன்முதலில் சொன்னது என்னிடம்தான். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதை மறைத்துவிட்டு அவள் புகழை மட்டும் பாட எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. அவள் நாசரேத். எங்களைச் சேர்த்துவைத்தது கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஒருவரின் கழுத்து வலி. அப்போது இருவரும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் மாடியில் வலிக்கு ஊசி போடுகிற டாக்டர். அவள் கீழ்த்தளத்தில், ஜனங்கள் 'கரண்ட் வைக்கிற ரூம்' என்று சொல்லும் உடற்பயிற்சி சிகிச்சை அறையில். ஒருநாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் ஒரு பை நிறைய மருந்துச் சீட்டு, பக்கத்தில் அந்த மனுசன். "ஆறு டாக்டரப் பாத்திருக்காரு. ஆறு பேரும் ஆறு விதமாச் சொல்லியிருக்கீங்க. இந்த ஆறு பேரும் ஒரு ரூம்ல ஒக்காந்து, இவரையும் ஒக்கார வச்சுப் பேசினா என்ன கேடு?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்பதால் வந்த கோபம் அது. அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு இருவருமாக இந்த நிலையத்தை ஆரம்பித்தோம். கத்தி வைப்பதில்லை, முதுகில் ஊசி ஏற்றுவதில்லை. கேட்பது, தொட்டுப் பார்ப்பது, அசைய வைப்பது, தேவைப்பட்டால் மாத்திரை, எல்லாவற்றையும் சேர்ந்து முடிவு செய்வது. இவ்வளவுதான் எங்கள் கடைச் சரக்கு.

மாடியில் இடம் பிடித்ததற்காக ஊரே எங்களைக் கேலி செய்தது. முதுகு வலிக்காரன் எப்படிப் படியேறி வருவான்? எஸ்தர் அசரவில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொள்வாள். ஏற முடியாதவரைக் கீழேயே வைத்துப் பார்ப்பாள். ஏறுகிறவரோடு கூடவே ஏறுவாள், ஊர் நியாயம் பேசிக்கொண்டு. மேலே வந்து சேரும்போது அவர் எந்தக் காலை முதலில் வைக்கிறார், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஸ்கேன் படத்தை நீட்டினால் வாங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிடுவாள். "படம் எங்கயும் ஓடிராது. மொதல்ல ஆளப் பாப்போம்," என்பாள்.

மாரியம்மாள் விஷயத்தை எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அவளே சொல்வாள். அது எங்கள் மானம் போன கதை. மாரியம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டு வந்தார். நான் கொஞ்ச நாள் பாரம் தூக்காதீங்க என்றேன். எஸ்தர் இந்த வாரம் குனிய வேண்டாம் என்றாள். பீர், மனதுக்கு ஒவ்வாத எதையும் செய்யாதீர்கள் என்றார். நர்ஸ் தரையில் உட்காராதீங்க என்றாள். நான்கு பேரும் தனித்தனியாக, நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். அந்த அம்மா நான்கையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். மூன்று வாரம் ஆளைக் காணோம் என்று எஸ்தர் வீடு தேடிப் போனால், கட்டிலில் நேராகப் படுத்துக் கிடக்கிறார். "நீங்க சொன்னபடிதான் கெடக்கேன் தாயி. வேற எதுவும் செய்யக் கூடாதுல்லா," என்றிருக்கிறார்.

எஸ்தர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு எங்க மேல. ஆளாளுக்குச் சொன்னோமே தவிர, எல்லாத்தையும் கூட்டிப் பாக்கல. மன்னிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர்கள் மன்னிப்புக் கேட்டால் பிழைப்பு என்ன ஆகும் என்று நான் குதித்தேன். "நீ கேக்க வேண்டாம், நான் கேட்டாச்சு," என்றாள். அன்றிலிருந்து நோயாளி கையில் ஒரே ஒரு தாள்தான் போகும். அதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று மட்டும் இருக்கும். அதுவும் 'செய்' என்று இருக்க வேண்டும், 'செய்யாதே' என்று இருக்கக் கூடாது. மாரியம்மாளின் தாளில், தினமும் கிணற்றடிவரை நடந்து போய் ஒருத்தரிடம் பேசிவிட்டு வர வேண்டும் என்று எழுதினோம். இரண்டு மாதத்தில் உப்பளத்துக்குத் திரும்பினார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம்.

போன வருடம் ஒரு மதியம். கை கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, "ரெங்கா, நடு முதுகுல ஒரு பிடிப்பு. ஒரு வாரமா விட மாட்டேங்குது," என்றாள். என் பெயர் ரெங்கநாயகி. நான் கையைத் துடைத்துக்கொண்டே, "வயசாகுதுல்லா? ஊருக்கெல்லாம் சொல்லுத பயிற்சிய நீயும் செஞ்சு பாரு," என்றேன். இருவரும் சிரித்தோம். டீ குடிக்கும்போது பீரிடம் சொல்லியிருக்கிறாள். மகள் கல்யாணமாகி வெளிநாடு போன ஏக்கமாக இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அவளே தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு, தசைப்பிடிப்புதான் என்று எங்களுக்கு முடிவைச் சொன்னாள். நாங்களும் தலையாட்டினோம்.

வாசலில் சீட்டு போட்டு உள்ளே வருகிற எந்த அந்நியரையும் நாங்கள் நாற்பது நிமிடம் உட்காரவைத்துக் கேட்போம். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறதா? காய்ச்சல் உண்டா? கால் மரத்துப்போகிறதா? ஆயிரத்தில் ஒருத்தருக்கு முதுகு வலிக்குப் பின்னால் வேறு பெரிய நோய் ஒளிந்திருக்கும். அந்த ஒருத்தரைத் தவறவிடக் கூடாது என்றுதான் இத்தனை கேள்வி. அந்தக் கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதித் தந்ததே எஸ்தர்தான். அவளிடம் நாங்கள் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளுக்கு ஒரு சீட்டு இருந்திருக்க வேண்டும், அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளோ நாள் முழுக்க எங்கள் கூடவே நின்றுகொண்டிருந்தாள். அவள் ரவிக்கை தொளதொளவென்று ஆனதை என் கண்ணால் பார்த்தேன். "என்னளா, இளைச்சு அழகாயிட்டே வாற," என்று வேறு சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு பெரியவரை நாற்காலியிலிருந்து தூக்கிவிடும்போது அவளே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே படம் எடுத்தோம். முதுகெலும்பில் மூன்று இடத்தில் புற்று பரவியிருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நான் நின்றதைப் படுக்கையிலிருந்து பார்த்தவள், "ஏளா, படத்தையே எவ்வளவு நேரம் பாப்ப? இங்கன வந்து ஒக்காரு," என்றாள். மதுரையில் பார்த்த பெரிய மருத்துவர், முன்னாடியே கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருப்பது கஷ்டம்தான், வலியை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். வலியைக் குறைப்பதுதானே எங்கள் வேலையே?

அதற்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யார் வந்து முதுகைத் தொட்டுக் காட்டினாலும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன். கேட்பதைக் குறைத்துக்கொண்டேன், கேட்டாலும் பதிலை நம்பவில்லை. பீர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எரிந்து விழுந்தேன். மாரியம்மாள் சின்னப் பிடிப்போடு வந்தபோது அவரையும் அனுப்பினேன். அந்த வயதில் பாரம் சுமந்த எந்த முதுகைப் படம் பிடித்தாலும் எலும்புக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்றுதான் வரும், எனக்கே தெரியும். அந்த அறிக்கையை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். எலும்பு தேய்ந்துவிட்டது, இனி எழ முடியாது என்று அந்த அம்மா மறுபடியும் கட்டிலில் படுத்துவிட்டார்.

எஸ்தர் அப்போது மில்லர்புரத்தில் வீட்டோடு இருந்தாள். அவளைப் பார்க்கப் பனங்கிழங்கு கட்டிக்கொண்டு போன மாரியம்மாளின் மருமகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை எஸ்தர் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனபோது நான்கு தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாமுவேல் சாரை டீ போட அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள்.

"மாரியம்மாளுக்கு எதுக்குப் படம் எடுத்த?"

நான் அவள் தலையணையைச் சரிசெய்யப் போனேன்.

"எங்கிட்ட கேக்காம விட்டதுக்கு, அவளுக்குப் படம் எடுத்தாச் சரியாப் போயிருமா?"

"பயமா இருக்குளா," என்றேன். அதற்குமேல் தாங்கவில்லை. கட்டிலில் தலைவைத்து அழுதேன். "உங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே நான். ஒரு வார்த்த. மன்னிச்சிருளா."

அவள் என் தலையில் கை வைத்தாள். அந்தக் கை எடையே இல்லாமல் இருந்தது. "மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். ஒண்ண மட்டும் கேட்டுக்க. நீ கேக்காததுதான் தப்பு. படம் எடுக்காதது தப்பில்ல. கேட்டிருந்தன்னா நீயே எடுத்திருப்ப. ரெண்டையும் போட்டுக் கொழப்பி, இத்தன வருசம் செஞ்ச வேலையக் கடல்ல கொண்டு போட்டிராத." மூச்சு வாங்கியது. சற்றுப் பொறுத்து, "எனக்கும் ஒரு சீட்டு போடு. புதன்கிழமை எல்லாரும் இங்கன வாங்க. நான் பேசண்ட்டு," என்றாள்.

போனோம். சாப்பாட்டு மேசையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். சாமுவேல் சாரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார். நோயாளி வீட்டிலிருந்து ஒருத்தர் வர வேண்டும் என்பதும் அவள் சட்டம்தான். எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான கேள்விகளை முதல்முறையாக அவளிடம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். இரவு வலிக்கிறதா என்று கேட்டபோது, "ஆரம்பத்துலேர்ந்தே வலிச்சிச்சு. நானும் என்னையக் கேட்டுக்கிடல பாத்தியா," என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களைப் போலவே அவளும் எஸ்தரை விட்டுவிட்டாள்.

என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று பீர் கேட்டார். வலி போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழம கோயில்ல கடைசிப் பாட்டுக்கு எந்திரிச்சு நிக்கணும். எல்லாரும் நிக்கும்போது ஒக்காந்தே பாட எனக்குப் பிடிக்கல."

அதை எல்லோருமாக எடுத்துக்கொண்டோம். மாத்திரையை எந்த நேரத்தில் தந்தால் பத்து மணிக்குத் தலை தெளிந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். அவள் இடத்துக்கு வந்திருந்த புதிய பெண்ணுக்கு, தன்னை எப்படி எழுப்பி நிறுத்த வேண்டும் என்று எஸ்தரே சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். பீர் மூச்சுப் பயிற்சிக்குப் பொறுப்பு. சாமுவேல் சார் வரிசை ஓரத்து இருக்கைக்குச் சொல்லிவைத்தார். மூன்றாவது ஞாயிறு, நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோட்டோடு நானும், தொப்பியைச் சட்டைப்பையில் மடித்துவைத்துக்கொண்டு பீரும் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடைசிப் பாட்டு தொடங்கியது. சார் முழங்கையில் கை கொடுத்தார். எஸ்தர் எழுந்தாள். இரண்டு சரணம் நின்றாள். மூன்றாவது சரணத்தில் மெதுவாக உட்கார்ந்து, திரும்பி எங்களைப் பார்த்து, போதும் என்பதுபோலச் சிரித்தாள். பீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் மாரியம்மாளை மேசைக்கு வரவழைத்தோம். "பயந்தது நான்தான். உங்க முதுகு அப்படியேதான் இருக்கு," என்று நானே சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒரு நோயாளியிடம் கேட்ட முதல் மன்னிப்பு. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படிச்சவங்களுக்கும் பயம் வரும்லா," என்றார். இந்தப் பருவத்தில் உப்பு வாரப் போய்க்கொண்டிருக்கிறார். எஸ்தரிடம் அதைச் சொன்னபோது பேசும் தெம்பு அவளுக்கு இல்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

மன்னிப்பெல்லாம் அப்புறம் என்றாளே, அந்த அப்புறம் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அவள் மன்னித்திருப்பாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எஸ்தர் சொல்லாததை அவள் வாயில் போட எனக்கு விருப்பமில்லை.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து சாமுவேல் சார் நிலையத்துக்கு வந்தார். அவளிடம் இருந்த அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். கொடுத்தார். போகத் திரும்பியவர், தயங்கி நின்றார்.

"டாக்டர், ஒரு ரெண்டு நிமிசம். இடுப்புல ஒரு பிடிப்பு. அவளத் தூக்கித் தூக்கி ஒக்கார வச்சேம்லா, அதுவாத்தான் இருக்கும். ஏதாச்சும் மாத்திர இருந்தாத் தாங்க."

ஆமாம் சார், அதுவாகத்தான் இருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "வாசல்ல போய்ச் சீட்டு போட்டுட்டு வாங்க சார்," என்றேன்.

"எனக்கெதுக்கு டாக்டர் சீட்டு?"

"போட்டுட்டு வாங்க."

வந்தார். உட்காரவைத்தேன். இருபது வருடமாகத் தெரிந்தவரின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதினேன். முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். எடை, காய்ச்சல், கால் மரப்பு எல்லாவற்றையும் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். தேர்வு எழுதும் பிள்ளையைப்போல ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். பிறகு, ராத்திரி படுக்கையில் திரும்பும்போது வலிக்கிறதா என்று கேட்டேன்.

கையிலிருந்த சீட்டை இரண்டாக மடித்தார். பிறகு, "வலது பக்கம் திரும்புனா ஒண்ணுமில்ல," என்றார். "இடது பக்கம்தான். அவ படுக்குத பக்கம். அங்கன திரும்பவே முடியல டாக்டர்."

அது இடுப்பின் வலியா, வேறா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முன்பென்றால் நானே ஒரு பதிலைச் சொல்லி, தோளில் தட்டி அனுப்பியிருப்பேன். எனக்கு வேண்டியவர்களிடமும் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து கேட்பது. எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். அதை அவளிடமே பழகியிருக்க வேண்டும்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.